தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குழந்தை பெறும் புதிய தாய்மார்களுக்கு

நம் ஊரில் தலைப்பிரசவம் என்றால் தாய்வீடுதான். அந்த வீடு கடலுக்கு அப்பால் இருக்கையில், பால் கொடுக்கும் நாட்களில் யாரைத் துணைக்கு அழைப்பது என்பதைப் பிரசவத்துக்கு முன்பே கணவனும் மனைவியும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்த பெண்களில் பலர் முதல் இரண்டு வாரத்திலேயே பால்மாவு டின்னுக்குப் போனது, பால் ஊறாததால் அல்ல, கேட்க ஆளில்லாததால்தான்.

என் மகள் பிறந்த நான்காம் நாள், காம்பு வெடித்து நான் அழுதுகொண்டிருந்தபோது, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் பக்கத்து வீட்டு ஆயா வந்தார். தமிழ் பேச வராத, நான்காம் தலைமுறைத் தமிழர் அவர். குழந்தையின் வயிறு என் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பிப் பிடித்து, அது கொட்டாவி விடுவதுபோல் வாயை அகலத் திறக்கும்வரை பொறுத்திருந்து, முகவாய் முதலில் படும்படி மார்போடு அணைத்தார். காம்பு மட்டுமல்லாமல் அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியும் வாய்க்குள் போனதும் வலி தணிந்தது.

இங்கே பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் 'ரோட் டு ஹெல்த்' என்னும் கையேடு தருவார்கள். 6, 10, 14ஆம் வாரத் தடுப்பூசிகளுக்கு அதை எடுத்துச் செல்லும்போது, பாலூட்டுவது பற்றியும் கிளினிக் சிஸ்டரிடம் தயங்காமல் கேளுங்கள். வலியோ ஐயமோ இருந்தால் ஆறாவது வாரம்வரை காத்திருக்க வேண்டாம். பால்மாவு விளம்பரத்தை இந்நாடு 2012இல் விதிமுறை வகுத்துத் தடை செய்துவிட்டதால், இலவச டின் யாரும் தரமாட்டார்கள். அதை அலட்சியமென்று எண்ணாதீர்கள்.

இங்கே கோடையான ஜனவரியின் புழுக்கத்தில், "பிள்ளைக்கு நாக்கு வறளும், இரண்டு சொட்டுத் தண்ணீராவது கொடும்மா" என்று ஊரிலிருந்து அத்தை அலைபேசியில் சொல்வார். அவருடைய அக்கறை உண்மையானது. ஆனால் தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஆறு மாதம்வரை தண்ணீரும் வேண்டாம், சேனை வைப்பதும் வேண்டாம், சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம். முதல் நாட்களில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடவும் கூடாது. இவற்றைப் பெரியவர்களிடம் மருமகள் சொல்வதைவிட, பெற்ற மகன் சொன்னால் மனத்தாங்கல் குறையும்.

வேலைக்குத் திரும்புபவர்களுக்கு, குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை, பாலூட்டவோ பால் பீய்ச்சவோ நாளொன்றுக்கு இருமுறை 30 நிமிட இடைவேளை தர வேண்டும் என்று அரசின் தொழிலாளர் நன்னடத்தைத் தொகுப்பு கூறுகிறது. விடுப்பில் செல்லும்முன்பே மேலாளரிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். பீய்ச்சிய பால் 25 பாகை வெப்பம்வரை நான்கு மணி நேரம் தாங்கும் என்றாலும், டர்பன் கோடை அதைத் தாண்டிவிடுவதால் உடனே குளிர்பெட்டியில் வையுங்கள். அங்கே நான்கு நாள் இருக்கும்.

மார்பு சிவந்து கல்லாகிக் காய்ச்சல் வந்தாலும், ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு முறைகூடச் சிறுநீர் கழிக்காமல் குழந்தை சோர்ந்து கிடந்தாலும், அன்றைக்கே மருத்துவரிடம் செல்லுங்கள்.