ஷட்டரில் ஜப்தி நோட்டீஸ் ஒட்டினால் முதலில் தேதியைப் பாருங்க

தக்கலையில் மூணு சென்டில் எனக்கு ஒரு பெயின்ட் கடை. கிரயம் முடிஞ்ச மூணாவது வாரம் மத்தியானம் சாப்பிட்டுத் திரும்பினால், ஷட்டரில் பசை காயாத காகிதம். எனக்கு விற்றவர் யாருக்கோ கடன்பட்டிருக்கிறார். கடன் கொடுத்தவர் போட்ட வழக்கில் தீர்ப்புக்கு முன்பே ஜப்தி. கோர்ட் அமீன் ஒட்டிட்டுப் போயிருந்தார்.

அதைக் கிழிக்காதீங்க. போட்டோ எடுங்க, வழக்கு எண்ணைக் குறிச்சுக்குங்க, உத்தரவுக்குச் சான்றிட்ட நகல் கேட்டு மனுப் போடுங்க.

அப்புறம் தேதிகளை எழுதி வரிசையாப் பாருங்க. நாங்க கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது ஜூன் 4. பதிவானது 11. ஜப்தி உத்தரவு 8. நடுவில் மாட்டிக்கிட்டோமேன்னு ராத்திரி பூரா தூக்கமில்லை. வக்கீல் பதிவுச் சட்டம் 47-வது பிரிவைக் காட்டினார்: பதிவு செய்த பத்திரம், எழுதிக் கொடுத்த நாளிலிருந்தே செல்லும், பதிந்த நாளிலிருந்து இல்லை. போன உயிர் திரும்பி வந்தது. ஜப்திக்கு முன்பே வழக்கில் சேராத ஒருவருக்கு இருந்த உரிமையை அந்த ஜப்தி தொடாதுன்னு உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலும் (கட்டளை 38, விதி 10) இருக்கு.

ஆனால் பத்திரம் மட்டும் போதாது. ஜப்தியிலிருந்து தப்பிக்க முன்தேதியிட்டு எழுதினதுன்னு எதிர்த்தரப்பு கட்டாயம் சொல்லும். என்னைக் காப்பாற்றியது பாங்க் பாஸ்புக். பணம் முழுக்க ஜூன் 4-க்கு முன்பே விற்றவர் கணக்குக்குப் போயிருந்தது. முத்திரைத்தாள் வாங்கின தேதி, கரண்ட் பில், நகராட்சி வரி ரசீது, ஜிஎஸ்டி சான்று எல்லாம் சேர்த்து வையுங்க. ரொக்கமாக் கொடுத்திருந்தால் என் பாடு திண்டாட்டம்தான்.

தனி வழக்குப் போடலாம்னு யாராவது சொன்னால் கேட்காதீங்க. ஜப்தி போட்ட அதே கோர்ட்டில்தான் உரிமை கோரும் மனு, கட்டளை 21 விதி 58-ன்படி. அதில் வரும் உத்தரவுக்குத் தீர்ப்பாணையின் பலம் உண்டு, அப்பீலும் போகலாம். தாமதம் மட்டும் கூடாது. வேணும்னே இழுத்தடிச்சதாத் தோணினாலோ, சொத்து ஏலம் போயிட்டாலோ கோர்ட் மனுவையே எடுக்காது.

பாங்க் கடனுக்காக சர்ஃபாசி சட்டத்தில் கடையைக் கையகப்படுத்தினால் வழி வேற. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மதுரைக் கடன் வசூல் தீர்ப்பாயம். அங்கே மனுப் போட 45 நாள்தான் கெடு.

ஜெயிச்ச பிறகும் வேலை இருக்கு. ஜப்தியை நீக்கின உத்தரவின் சான்றிட்ட நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்து, வில்லங்கத்தில் ஏறும் வரை விடாதீங்க. நான் ரெண்டு தரம் வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். ரெண்டாவது தரம்தான் ஜப்திக்குக் கீழே நீக்கின பதிவு வந்தது. அந்தத் தாள் இப்போ கிரயப் பத்திரத்தோடே இருக்கு.