ஃபைல் அவள் பேரில் மட்டும் ஏன்?

கல்யாணமாகி ஆறு மாதம் தாண்டினால் போதும், மேற்கு மாம்பலத்தில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் "என்னம்மா, விசேஷம் உண்டா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். கேள்வி பெண்ணிடம்தான் வரும். பரிசோதனையும் அவளோடு தொடங்கி அவளோடே நின்றுவிடுவதுதான் நான் பார்த்ததில் பெரிய தவறு.

என் தோழி ஒருத்தியின் ஃபைல் மூன்று வருஷத்தில் தலையணை கனத்துக்கு வந்துவிட்டது. தைராய்டு, ஏழெட்டு ஸ்கேன், கருக்குழாய் அடைப்பு பார்க்க எக்ஸ்ரே. துணைக்கு வரும் கணவர் வாசலில் பைக் மேல் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருப்பார். "அவனுக்கென்ன, நல்லாத்தானே இருக்கான்" என்பது மாமியாரின் தீர்ப்பு. கடைசியில் அவர் விந்தணுப் பரிசோதனைக்குக் கொடுத்தபோது எண்ணிக்கை மிகக் குறைவு. ஜிம்மில் உடம்பு ஏற்றப் போட்டுக்கொண்ட டெஸ்டோஸ்டிரோன் ஊசிதான் காரணம் என்றார் டாக்டர். ஆண்மையைக் கூட்டும் என்று நம்பிப் போடுகிற அந்த ஊசி, மூளையிலிருந்து விரைக்குப் போகும் உத்தரவை அடக்கி, விந்தணு உற்பத்தியையே படுக்கவைத்துவிடும். ஒரு விந்தணு உருவாகச் சுமார் இரண்டரை மாதம் ஆகும். ஊசியை நிறுத்திய மறுவாரமே ரிப்போர்ட் மாறாது. கடுங்காய்ச்சல் வந்துபோன கையோடு எடுத்த ரிப்போர்ட்டையும் அப்படியே நம்பக் கூடாது.

பிள்ளைப்பேறு தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. விந்தணுப் பரிசோதனைக்கு ஊசி, மயக்கமருந்து எதுவும் வேண்டாம். 2 முதல் 7 நாள் உறவைத் தவிர்த்துவிட்டுக் கொடுத்தால் போதும். இதைப் போய்க் கடைசிக்குத் தள்ளுகிறார்களே என்றுதான் எனக்கு எரிச்சல். ஆனால் ஆறாம் மாதமே பதறவும் வேண்டாம். பெண்ணுக்கு 35 வயதுக்குள் என்றால் ஒரு வருஷம் பார்க்கலாம், தாண்டியிருந்தால் ஆறு மாதம். பீரியட்ஸ் தாறுமாறாக வருகிறவர்கள் காத்திருக்கவே வேண்டாம்.

இன்னொன்று, கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போக பீரியட்ஸ் 'நாளைத் தள்ளிப்போட' மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மாத்திரை. ரத்தக்கட்டி வந்தவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அது ஆபத்து. கடைப்பையன் அதையெல்லாம் கேட்கப்போவதில்லை.

"எங்க வீட்ல எல்லாருக்கும் இப்படித்தான் போகும்" என்று அதிக உதிரப்போக்கைத் தாங்கிக்கொள்வதும் நம் வழக்கம். மணிக்கொரு நாப்கின் நனைந்தாலோ, 7 நாளுக்கு மேல் நீண்டாலோ டாக்டரைப் பார்க்க வேண்டும். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அதற்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால், நம்மவர்கள் காலை ஃபில்டர் காபியோடு சேர்த்துப் போடுகிறார்கள்! காபியும் டீயும் இரும்பை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சை ஜூஸோடு போடுங்கள், காபி இரண்டு மணி நேரம் கழித்து.

மாதவிடாய் நின்று ஒரு வருஷம் ஆனபின் ஒரு சொட்டுப் பட்டாலும் "சூடு" என்று மோர் குடித்து விட்டுவிடாதீர்கள். புற்றுநோயா என்று பார்த்துவிட வேண்டிய அறிகுறி அது. கையில் காசில்லை என்றால் எழும்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் பெண்களுக்கென்றே அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டுவிடுங்கள்.