சாலை போடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: தண்ணீருக்கும் ஊருக்கும் வழி எங்கே?

மண் கொட்டி உயர்த்திய சாலை, தண்ணீரைப் பொறுத்தவரை ஒரு கரைதான். இதை மறப்பதுதான் முதல் தவறு. சென்னையின் பல்லாவரம்–துரைப்பாக்கம் 200 அடி ரேடியல் சாலையைப் பாருங்கள். பல்லாவரம் பெரிய ஏரியை இரண்டாகப் பிளந்துகொண்டு போய், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தையும் குறுக்கே வெட்டுகிறது. 2022-ல் அந்தச் சதுப்பு நிலம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சாலை அதற்கு வெகு முன்னாலேயே வந்துவிட்டது.

கோடையில் அளவெடுத்தால் பல வாய்க்கால்கள் கண்ணிலேயே படாது. எந்த ஏரியின் கலங்கல் வழிந்து எந்தப் பக்கம் போகும் என்று ஊரில் நீர் பாய்ச்சுகிறவரைக் கேட்டால் சொல்லிவிடுவார். கேட்பதில்லை. ஓடை தெரிந்த இடத்தில் மட்டும் ஒரு குழாயைப் புதைத்துவிட்டு நகர்கிறார்கள். அதன் அடிமட்டம் ஓடைத் தரையைவிட ஒரு சாண் உயர்ந்தாலும் மேற்புறத்தில் தண்ணீர் தேங்கும். குறுகிய குழாய் குப்பையில் அடைத்துக்கொள்ளும். ஆள் இறங்கித் தூர்வாரக்கூடிய பெட்டி வடிவச் சிறுபாலத்துக்குச் செலவு கூடுதல் என்றாலும் அதுதான் சரி.

பழைய தாரின் மேலேயே புதுத் தார் போடுவது இன்னொன்று. ஒவ்வொரு முறையும் சாலை ஏற, வீட்டு வாசல் பள்ளமாகிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே போட வேண்டும் என்று தமிழகத் தலைமைச் செயலாளர் 2021-லேயே உத்தரவிட்டார். உங்கள் தெருவில் வேலை தொடங்கினால், ஒப்பந்தத்தில் மில்லிங் (பழைய தாரைச் சுரண்டும் வேலை) உண்டா என்று முதலில் கேளுங்கள்.

மரத்தைக் காப்பாற்றியதாகச் சொல்லி அடிமரம் வரை சிமென்ட் பூசுவதும் உண்டு. வேருக்குத் தண்ணீர் இறங்க வழியில்லை; அதற்கு வெட்டியே இருக்கலாம்.

காட்டுக்குள் சாலையைப் போட்டுவிட்டுப் பிறகு பரிகாரம் தேடுகிறோம். கர்நாடகத்தின் பந்திப்பூர் புலிகள் காப்பகம் வழியே இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துக்கு 2009-ல் தடை வந்தது அப்படித்தான். மகாராஷ்டிரத்தில் பெஞ்ச் காட்டை ஒட்டி தேசிய நெடுஞ்சாலை 44-ஐ அகலப்படுத்தியபோது, விலங்குகள் அடியில் கடக்க 9 இடங்களில் பாலங்களும் கீழ்வழிகளும் கட்டினார்கள். அவற்றில் மிக நீளமானது 750 மீட்டர். புலிகள் அவற்றின் வழியே நடந்துபோவது கேமராவில் பதிவாகியிருக்கிறது.

மனிதர்களுக்கு இந்தக் கரிசனம் கிடைப்பது அரிது. வீடு இந்தப் பக்கம், வயல் அந்தப் பக்கம் என்று ஊரைப் பிளந்துவிட்டு, கடக்கும் வழியை வெகுதூரத்தில் வைத்தால் சென்டர் மீடியனைத் தாண்டத்தான் செய்வார்கள். ஆட்டு மந்தையை ஓட்டி வருகிறவர் நடைமேம்பாலம் ஏற முடியுமா? கீழ்ப்பாலம் கட்டினாலும் வடிகால் வெட்டாமல் விட்டால், ஐப்பசி, கார்த்திகையில் அது குளம். பள்ளிப் பிள்ளைகள் மறுபடி மேலே ஏறி லாரிகளுக்கு நடுவே ஓடுவார்கள்.