யானை லத்தி அருகே வண்டியை நிறுத்துங்கள்

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவுக்குப் போகிறீர்களா? சாணிவண்டு பார்க்கவென்றே ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம். மழை பெய்த மறுநாள் போனால் இன்னும் நல்லது. மண் நனைந்த பிறகுதான் அவை கூட்டமாக வெளியே வரும்.

சாலையில் யானை லத்தி கிடக்கிறதா என்று பாருங்கள். காய்ந்தது வேண்டாம், பச்சையாக இருக்க வேண்டும். தயவுசெய்து அதன்மேல் டயரை ஏற்றிவிடாதீர்கள், உள்ளே ஏராளமான வண்டுகள் இருக்கும். சற்றுத் தள்ளி நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பைனாகுலரை எடுங்கள். அனுமதித்த இடங்கள் தவிர வேறெங்கும் இறங்கக் கூடாது.

ஒரே ஒரு வண்டைத் தேர்ந்து அதையே கவனியுங்கள். முதலில் உருண்டை பிடிக்கும். அப்புறம் அதன்மேல் ஏறி ஒரு சுற்றுச் சுற்றும். முதல் தடவை பார்த்தபோது விளையாடுகிறது என்றுதான் நினைத்தேன். உண்மையில் அது சூரியனை வைத்துத் திசை குறித்துக்கொள்கிறது. பிறகு தலையைக் கீழே ஊன்றி, பின்னங்கால்களால் தள்ளியபடி நேராகப் போகும். இரவில் உலவும் ஓர் இனம் பால்வெளியின் ஒளிப்பட்டையைப் பார்த்தே வழி பிடிக்கிறது என்று 2013இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

உருண்டையைப் புதைக்கும் வரை பொறுத்திருங்கள். முட்டை வைத்த உருண்டை என்றால் புழுவுக்கு அதுவே சோறு. மண்ணுக்கு உரம், ஈக்களுக்கோ பெருக இடம் குறையும். எல்லா வண்டும் உருட்டாது. லத்திக்கு நேர் அடியிலேயே சுரங்கம் தோண்டுபவையும் உண்டு. ஓரத்தில் புது மண் குவிந்திருந்தால் அவைதான்.