கல்லூரி இன்குபேட்டரில் சேர்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை, பெருந்துறை வட்டாரக் கல்லூரி இன்குபேட்டர்களுக்கு (புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கு இடமும் வழிகாட்டலும் தரும் மையங்கள்) புதிதாக வரும் பிள்ளைகள், எங்கள் செட்டில் பலரும் சறுக்கிய அதே இடத்தில் சறுக்குகிறார்கள். கணக்கு எழுது, கூட்டாளியோடு ஒப்பந்தம் போடு என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். யாரும் சொல்லாததைச் சொல்கிறேன்.

அவசரப்பட்டுக் கம்பெனி பதிவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். மூன்றாம் ஆண்டு படிக்கும்போதே, வேலை செய்கிற ஒரு மாதிரி கூடக் கையில் இல்லாமல், பிரைவேட் லிமிடெட் பதிந்துவிடுகிறார்கள். 'எங்களிடம் இத்தனை ஸ்டார்ட்அப்' என்று காட்டும் ஆசையில் கல்லூரிகளும் தூண்டிவிடுகின்றன. 2021-இல் வந்த ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டத்தில் இன்குபேட்டர் மூலம் 20 லட்சம் ரூபாய் வரை மானியம் கொடுத்தார்கள். ஆனால் விண்ணப்பிக்கும்போது கம்பெனி பதிந்து 2 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்பது அதன் விதியாக இருந்தது.

நான் பக்கத்திலிருந்து பார்த்த, இப்படி அவசரப்பட்டுப் பதிந்த ஒரு குழு, வார்ப்பில் விழும் ஓட்டையைக் கேமராவால் கண்டுபிடிக்கும் கருவி செய்தது. கெட்டிக்காரப் பிள்ளைகள். பரீட்சை, ப்ராஜெக்ட் என்று நாள் ஓடி, கருவி ஒழுங்காக வேலை செய்தபோது அந்த 2 ஆண்டுக் காலக்கெடு தாண்டியிருந்தது. போதாததற்கு, வியாபாரமே நடக்காத கம்பெனிக்கும் ஆடிட்டர் வேண்டும், ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் அபராதம். கடைசியில் இழுத்து மூடிவிட்டு ஆளுக்கொரு ஊருக்கு வேலைக்குப் போனார்கள். கோவை கணபதிப் பகுதி பவுண்டரிகளுக்கு (உலோக வார்ப்பாலைகள்) கிடைத்திருக்க வேண்டிய கருவி அது.

முதலில் மத்திய அரசின் நிதி-பிரயாஸ் திட்டத்தைப் பாருங்கள். மாதிரி செய்ய 10 லட்சம் வரை கிடைக்கும். தனிநபராகவே விண்ணப்பிக்கலாம், கம்பெனி தேவையில்லை. 'இதைக் காசு கொடுத்து வாங்குகிறேன்' என்று ஒரு பட்டறைக்காரர் சொன்ன பிறகு பதிவுக்குப் போங்கள்.

காப்புரிமைக்கு முன் கண்காட்சி

விண்ணப்பம் போடாமல் எங்கும் காட்டாதீர்கள். தற்காலிக விண்ணப்பத்தை இணையத்தில் தாக்கல் செய்யத் தனிநபருக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் அரசுக் கட்டணம் 1,600 ரூபாய்தான். முழு விவரம் தர அதற்குப் பிறகும் 12 மாதம் உண்டு.

வாடகை மலிவு என்று சேர்வது

வேண்டாம்.

சுற்றுவட்டாரத்தைப் பார்க்காமல் இருப்பது

எங்கோ ஒரு நகரத்துக்கு இன்னொரு டெலிவரி ஆப் செய்கிறார்கள். ஒரு மணி நேரப் பயணத்தில் திருப்பூர் இருக்கிறது. 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, கழிவுநீரைத் துளியும் வெளியே விடக் கூடாது என்ற நிபந்தனையோடு திறந்தன. சுத்திகரிப்பில் மிஞ்சும் கலவை உப்பை என்ன செய்வதென்று அங்கே இன்னும் திணறுகிறார்கள். அதற்கு வழி கண்டுபிடிப்பவருக்கு வாடிக்கையாளர் வாசலிலேயே காத்திருக்கிறார். அந்த வேலையும் வருமானமும் இந்த ஊரிலேயே தங்கும். கல்லூரியில் வேதியியல் லேப் இருக்கிறது, சாயப்பட்டறைக்குள் கூட்டிப்போக இன்குபேட்டர் மேலாளருக்கு ஆள் தெரியும். சேர்ந்த முதல் வாரமே அவரிடம் கேளுங்கள்.

பங்கு ஒப்பந்தம்

உங்கள் கம்பெனியில் இன்குபேட்டருக்கு எத்தனை சதவீதப் பங்கு என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.