ஃபேன் ஓடினால் கறுப்புப் புகை: என் அனுபவம்

பழைய அம்பாசடரில் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு நானே ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் மாட்டியிருந்தேன். காலையில் தொட்டதும் ஸ்டார்ட் ஆகும். புதுச்சேரியிலிருந்து கடலூருக்குக் கிளம்பினால் அரியாங்குப்பம் தாண்டுவதற்குள் கறுப்புப் புகை, பெட்ரோல் நாற்றம். சிக்னலில் நின்றால் அணைந்துவிடும்.

பிளக்குகள் கரி பிடித்திருந்தன, மாற்றினேன். பெட்ரோல் பிரஷர் சரியாக 3 பார். இன்ஜெக்டர்களைச் சுத்தம் செய்தும் பலனில்லை. ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டைப் பார்க்கும் சென்சாரைக் கழற்றி வெந்நீர் டம்ளரில் போட்டு மீட்டர் வைத்தேன். 80 டிகிரியில் 300 ஓம் சொச்சம். அதிலும் குறையில்லை. இப்படியே நான்கு நாள் போனது.

அப்புறம் எவ்வளவு பெட்ரோல் விடுவதென்று தீர்மானிக்கும் கம்ப்யூட்டரான ஈசியூவில் லேப்டாப்பை இணைத்துச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். 90 டிகிரியில் ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பித்த அதே நொடியில் சூடு 55க்கு இறங்கியது. ஃபேன் நின்றதும் மறுபடி 90. தண்ணீர் அவ்வளவு வேகமாக ஆறவே ஆறாது!

சென்சாரின் எர்த்தையும் (கரன்ட் திரும்பிப் போகும் ஒயர்) ஃபேனின் எர்த்தையும் பாடியில் ஒரே போல்ட்டில் முடுக்கியிருந்தேன். கடல் காற்றில் வாஷருக்கடியில் பச்சைக் களிம்பு. ஃபேன் ஓடும்போது அந்த முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே 0.7 வோல்ட். இந்த சென்சாரில் சூடு ஏற ஏற வோல்ட்டேஜ் குறையும். அதனால் சென்சார் வோல்ட்டேஜ் அவ்வளவு ஏறினால், எஞ்சின் ஆறிவிட்டதென்று நினைத்து ஈசியூ பெட்ரோலைக் கூட்டிவிடும். ஸ்டார்ட்டருக்குத் தனி எர்த், வண்டி ஒழுங்காக ஸ்டார்ட் ஆனது என்பதால் எர்த் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

சென்சார் எர்த்தை நேராக ஈசியூவுக்கே கொண்டுபோனேன். ஃபேன் எர்த்துக்குப் பாடியில் பெயின்ட் சுரண்டிப் புது முனை, மேலே கிரீஸ். நேற்று கடலூர் போய்த் திரும்பினேன், புகையே இல்லை. நிம்மதி.