மழைக்காலக் காய்ச்சல் வீட்டுக்குள் சுற்றாமல் இருக்க

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றதும் சானிடைசர் பாட்டில் வெளியே வரும், ஜன்னல் சாத்தப்படும். முதல் வேலையால் ஓரளவுதான் பலன். இரண்டாவது வேலை நேர் எதிரானது. எல்லா வைரஸும் ஒரே வழியில் வருவதில்லை. ஃப்ளூவும் கொரோனாவும் பெரும்பாலும் மூச்சுக்காற்றோடு பரவுகின்றன. வாந்தி பேதி உண்டாக்கும் நோரோ, ரோட்டா வைரஸ்கள் கையிலிருந்து வாய்க்குப் போகின்றன. மஞ்சள் காமாலையில் ஏ, இ வகைகள் தண்ணீரிலும் சாப்பாட்டிலும் வரும். டெங்குவுக்குக் கொசு வேண்டும். எந்த வழியை அடைக்கிறோம் என்று தெரிந்துகொண்டு செய்தால் வீண் வேலை பாதி குறையும்.

காற்று

சென்னைப் பக்கம் ஃப்ளூ அதிகம் தலைகாட்டுவது வடகிழக்குப் பருவமழை மாதங்களில்தான். காரணம் நனைவது அல்ல. மழைக்காக ஜன்னலைச் சாத்திவிட்டு எல்லோரும் ஒரே அறையில் அடைந்து கிடப்பதும் ஒரு காரணம்.

சீலிங் ஃபேன் காற்றைக் கலக்குமே தவிர வெளியேற்றாது. ஸ்ப்ளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிர்வித்துத் திருப்பி விடுகிறது, புதுக் காற்று ஒரு துளிகூட உள்ளே வருவதில்லை. காற்று ஓட வேண்டுமென்றால் எதிரெதிரே இரண்டு திறப்புகள் வேண்டும். மழைச்சாரல் அடிக்கும் பக்கத்தைச் சாத்தி, சாரல் இல்லாத பக்கத்து ஜன்னலையும் எதிர்ப்பக்கக் கதவையும் ஒரு சாண் திறந்து வையுங்கள். நோயாளி படுத்திருக்கும் அறையில் ஒரு டேபிள் ஃபேனை ஜன்னலை ஒட்டி, வெளியே பார்த்தபடி திருப்பி வைத்தால் அந்த அறைக் காற்று வெளியே போகும், கூடத்துக்கு வராது. ஃபேனை உள்பக்கம் பார்க்க வைத்தால் நோயாளியின் மூச்சை வீடு முழுக்கத் தள்ளிவிடும். கொசுவுக்குப் பயந்து ஆறு மணிக்கே ஜன்னலைச் சாத்துகிறவர்கள் ஒருமுறை செலவு செய்து வலை அடித்துவிடுங்கள்.

காரில் ஏசி போட்டால் உள்காற்றையே சுற்றவிடும் பட்டனை அணைத்துவிட்டு, பின் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கினால் போதும்.

மாஸ்க் விஷயத்தில் துணியைவிடச் சர்ஜிகல் மேல், அதைவிட என்95 மேல். ஆனால் எதைப் போட்டாலும் மூக்கின் மேல் இருக்கும் கம்பியை இரண்டு கை விரல்களாலும் அழுத்திப் பதிக்காவிட்டால் பாதி காற்று ஓரத்தில் போய்விடும். மூச்சு விடும்போது மூக்குக்கண்ணாடி பனித்தால் அங்கே ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். என்95-ஐத் துவைக்கக்கூடாது. மழையில் நனைந்ததைக் காயவைத்தும் போடக்கூடாது. இருமுகிறவருக்குச் சர்ஜிகல், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவருக்கு என்95 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கை

மனிதர் தம்மை அறியாமல் மணிக்கு இருபது தடவையாவது முகத்தைத் தொடுகிறார். தொடாதே என்று சொல்லித் திருத்துவது கடினம், கையைச் சுத்தமாக வைப்பது எளிது.

கழுவும்போது எல்லோரும் உள்ளங்கையைத்தான் தேய்க்கிறார்கள். விட்டுப்போவது கட்டைவிரல், விரல் நுனி, விரல் இடுக்கு, புறங்கை. நனைத்து, சோப்பு போட்டு, குழாயை மூடிவிட்டு, இந்த நான்கு இடங்களையும் சேர்த்து 20 விநாடி தேயுங்கள். நுனிகளை மறு உள்ளங்கையில் வட்டமாகச் சுரண்டினால் நகத்தடி வரை நுரை போகும். குழாய்த் திருகையும் அந்த நுரையாலேயே ஒரு தடவு தடவிவிடுங்கள், அழுக்குக் கையால் திறந்த அதே திருகைத்தானே சுத்தமான கையால் மூடப் போகிறோம். தண்ணீர் சூடாக இருக்க வேண்டியதில்லை.

கழுவிய பிறகு துடைப்பதில்தான் பெரிய கோட்டை விடுகிறோம். வாஷ்பேசின் பக்கத்தில் ஆணியில் தொங்கும் அந்த ஒற்றைத் துண்டை நினைத்துப் பாருங்கள். காலையில் மாமியார் முகம் துடைத்தது, மதியம் பிள்ளை மூக்குத் துடைத்தது, மழைநாளில் மாலை வரை காயாதது. அதில் ஈரக் கையைத் துடைத்தால் கழுவியதற்கே பொருள் இல்லை. ஆளுக்கொரு சின்னத் துண்டு, தினம் துவைத்தது, அதுதான் வழி. சேலை முந்தானையும் இதே கணக்கில்தான் வரும். குழந்தையின் மூக்கைத் துடைத்த முந்தானையாலேயே தம்ளரைத் துடைத்துக் கொடுக்கிற பழக்கத்தை விட்டே ஆக வேண்டும்.

சானிடைசரில் ஆல்கஹால் 60 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, லேபிளைப் பாருங்கள். இரண்டு சொட்டு போதாது. கை முழுதும் நனைந்து, தானாக உலர 20 விநாடியாவது ஆக வேண்டும். ஃப்ளூ, கொரோனா வைரஸ்களுக்குக் கொழுப்பாலான மேலுறை உண்டு, ஆல்கஹால் அதை உடைத்துவிடும். நோரோவுக்கு அந்த உறையே இல்லை, மெட்ராஸ் ஐ கொண்டுவரும் அடினோ வைரஸுக்கும் இல்லை. அதனால் வீட்டில் வாந்தி பேதியோ கண்வலியோ இருந்தால் சானிடைசரை நம்பாமல் சோப்பும் தண்ணீரும் எடுங்கள். இன்னொன்று: தீபாவளி சமயத்தில் சானிடைசர் தடவிய ஈரக் கையோடு மத்தாப்புப் பக்கமோ விளக்குப் பக்கமோ போகாதீர்கள்.

தம்ளரும் தண்ணீரும்

எவர்சில்வரிலும் பிளாஸ்டிக்கிலும் ஃப்ளூ வைரஸ் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள்கூட உயிரோடு இருக்கும். அண்ணாந்து குடிக்கிற நம் வழக்கம் உண்மையிலேயே நல்ல வழக்கம், பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். வாய் வைத்துக் குடிக்கிறவர்களுக்குத் தனித் தம்ளர். குடத்துக்குள் சொம்போடு விரலும் முங்குவதுதான் மிகக் கெட்டது. நீளக் காம்பு அகப்பை ஒன்று போட்டுவையுங்கள், அல்லது குழாய் வைத்த பாத்திரம் வாங்குங்கள். காய்ச்சுவதென்றால் வெதுவெதுப்பாக்கி இறக்காமல், தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் விட வேண்டும். செல்போனைத் தினம் ஒருமுறை துடையுங்கள்.

வாந்தி எடுத்த இடம்

வீட்டில் ஒருவர் வாந்தி எடுத்தால் மற்றவர்களுக்கும் வருவது பெரும்பாலும் துடைக்கும் முறையால்தான். மாப் போட்டு இழுத்தால் வைரஸை அறை முழுக்கப் பூசுகிறோம். கையுறையும் மாஸ்க்கும் போட்டு, முதலில் பழைய பேப்பரையோ கந்தலையோ மேலே போட்டு வழித்துக் கவரில் கட்டுங்கள். பிறகு பிளீச்சிங் பவுடர் கரைசல்: 30 சதவீதக் குளோரின் உள்ள பவுடர் 15 கிராம், தோராயமாக ஒரு மேசைக்கரண்டி, ஒரு லிட்டர் தண்ணீரில். சுற்றிலும் இரண்டடி வரை ஊற்றி 10 நிமிடம் விட்டுத் துடையுங்கள். உடனே துடைத்தால் பயனில்லை. கதவுக் கைப்பிடி, கழிப்பறைக் குழாய்க்கு லிட்டருக்கு 3 முதல் 4 கிராம் போதும். 10 நிமிடம் கழித்து வெறும் தண்ணீரால் துடைக்காவிட்டால் எவர்சில்வரில் கறை பிடிக்கும்.

கரைசலை அன்றன்றைக்குக் கலக்குங்கள். பவுடர் கட்டி கட்டியாகி, மூக்கைத் துளைக்கும் வாடை போயிருந்தால் அது வெறும் சுண்ணாம்பு, தூக்கிப் போட்டுவிடுங்கள். கழிப்பறை கழுவும் ஆசிடோடு இதை ஒருபோதும் கலக்காதீர்கள். எழும்பும் குளோரின் புகை நுரையீரலைப் பொசுக்கும்.

ஊசி

ஃப்ளூ தடுப்பூசி அரசின் வழக்கமான குழந்தைகள் தடுப்பூசி அட்டவணையில் இல்லை, கேட்டுத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் போட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் எந்த வகைகளைச் சேர்ப்பது என்று பரிந்துரைக்கிறது. பெட்டியில் எந்தப் பருவத்துக்கான மருந்து என்று அச்சிட்டிருப்பார்கள், போன வருடச் சரக்கு வேண்டாம். பாதுகாப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும் என்பதால் நம் ஊர் மழைக்கு செப்டம்பருக்குள் போட்டுவிடுவது நல்லது. எட்டு வயது வரையுள்ள குழந்தைக்கு முதல்முறை என்றால் நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் போட முடியாது, அதைக் காப்பாற்றுவது கர்ப்ப காலத்தில் அம்மா போட்டுக்கொண்ட ஊசிதான். சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களும் 65 வயது கடந்தவர்களும் தள்ளிப் போடக்கூடாது.

கஷாயம் குடிக்கிறவர்கள் குடிக்கட்டும், ஊசிக்கு அதை மாற்றாக வைக்காதீர்கள். ஆவி பிடித்தால் மூக்கு சற்றுத் திறக்கும், வைரஸ் சாகாது. கொதிக்கும் பாத்திரம் மடியில் கவிழ்ந்து குழந்தைகளுக்கு ஏற்படும் தீப்புண் அதைவிடப் பெரிய ஆபத்து.

காய்ச்சல் வந்துவிட்டால்

ஃப்ளூ வந்தவர் அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பரப்புவார், பிறகு ஐந்து முதல் ஏழு நாள் வரை. காலையில் பாராசிட்டமால் கொடுத்துச் சூட்டை இறக்கிப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் வகுப்பு முழுக்கக் காய்ச்சலை அனுப்பியதாகும். மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் சூடு வராமல் இருக்க வேண்டும், அதன் பிறகுதான் வெளியே. முதியவர், கர்ப்பிணி, சின்னக் குழந்தை என்றால் மருத்துவரிடம் உடனே போங்கள். ஃப்ளூவுக்கான ஓசல்டாமிவிர் மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடாது.

மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம். அது இல்லை என்று உறுதியாகும்வரை ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் வேண்டாம், ரத்தக்கசிவைக் கூட்டும். பாராசிட்டமால் மட்டும். ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும், முட்டை கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். அதனால்தான் தேங்கிய தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டச் சொல்கிறார்கள். தொட்டியைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் காத்திருக்கும், நார் போட்டுத் தேய்க்க வேண்டும். பூந்தொட்டித் தட்டையும் மாடியில் கிடக்கும் டயரையும் எல்லோரும் பார்ப்பார்கள். பார்க்காதது ஃபிரிட்ஜுக்குப் பின்னால், கம்ப்ரஸர் மேல் உருகிய நீர் சேரும் சின்னத் தட்டு. ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்றி ஊற்றிவிட்டு, தேய்த்து மாட்டுங்கள்.